ஷோகேஸில் இருந்த முகம்

அந்தக் கண்ணாடி பிளேட்டைச் சமீபகாலம் வரைக்கும் இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு மூலை உடைந்திருக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் நரைத்த தலையும் கரிய முகமுமாக ஒரு பெண் தெரிவாள். அது பழைய காலத்து நெகட்டிவ். கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும்தான் இருக்கும். அதில் இருப்பவள் என் அக்கா, இருபத்தொரு வயதில். அந்த பிளேட்டை ஒருநாள் கழுவித் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் அக்கா கண்ணை மூடுகிற வரைக்கும் நான் அதைக் கழுவவில்லை.

எங்கள் அப்பா திண்டுக்கல் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஐம்பதுகளின் கடைசி. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் படம் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஜாதகம் மட்டும் போகும். இப்போது ஜாதகத்தோடு படமும் போயாக வேண்டும். அப்பா காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தவர். வாசல் போர்டில் ‘முகக்களைக்கு உத்தரவாதம்’ என்று எழுதி வைத்தார். உள்ளே ஒரு மூலையில் ஆளுயரக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஸ்னோ பாட்டில், இரவலுக்கு ஒரு கல் நெக்லஸ். சுவர் முழுக்க சோப்புக் கம்பெனிக் காலண்டர்கள். அத்தனையிலும் வெயிலே படாத பெண்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை அந்தக் காலண்டர்களை ஒருமுறை பார்ப்பாள், கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்ப்பாள், பிறகு பவுடர் டப்பாவை எடுப்பாள். கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக ஸ்டூலில் வந்து உட்காருவாள். “தாடையைத் தூக்கு, மூச்சப் புடி” என்பார் அப்பா. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மீதி வேலை என்னுடையது. வயதுக்கு வந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோலம் நன்றாக வரும், கை நடுங்காது. அதைப் பார்த்துவிட்டு அப்பா எங்கள் வீட்டு மாடி ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசையைப் போட்டுக் கொடுத்தார். மேசையின் நடுவில் பால்கண்ணாடி பதித்திருக்கும்; கீழேயிருந்து வெளிச்சம் வரும். பிளேட்டை அதன்மேல் வைத்து, பசைபோல ஒரு மருந்தைத் தடவி, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட வேண்டும். டச்சிங் என்று அதற்குப் பெயர். நெகட்டிவில் கறுப்பு ஏற ஏறப் படத்தில் அந்த இடம் வெளுக்கும். ஒரு பெண்ணை வெளுப்பாக்க வேண்டுமென்றால் அவள் முகத்தில் நான் கரியைப் பூச வேண்டும். பள்ளத்துக்கும் மருவுக்கும் பென்சில். பளிச்சென்று துருத்தித் தெரிகிற மேடுகளுக்குக் கத்தி. பிளேட்டின் பூச்சை அந்த இடத்தில் மெல்லச் சுரண்டினால் மேடு படத்தில் அடங்கிவிடும். பென்சிலில் தப்பு வந்தால் டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கத்தியில் அப்படி முடியாது. சுரண்டியது சுரண்டியதுதான்.

யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அப்பா ஒரு துண்டுத்தாளில் எழுதி பிளேட்டோடு அனுப்புவார். நிறம் கூட்டு. மரு எடு. கன்னம் நிரப்பு. மாப்பிள்ளைப் பையன்களின் பிளேட்டோடு துண்டுத்தாள் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர்களுக்கு மீசை சரியாக விழுந்தால் போதும். ஒருமுறை, மல்லிகைத் தோட்டக்கார அம்மா ஒருத்தி, தன் மகளுக்கு மூக்குத்தி எடுப்பாகத் தெரிய வேண்டும், மூக்கு தெரியக் கூடாது என்று கேட்டாளாம். அப்பா அதையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அன்றைக்கு நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் நாள் பூரா பிறத்தியார் முகத்தில் குறை தேடுகிற வேலை லேசில் ஆளை விடாது. கோயிலுக்குப் போனாலும் பஸ்ஸில் போனாலும் எதிரில் இருப்பவளின் முகம் எனக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். மேசையை விட்டு எழுந்ததும் என் கை தானாகவே என் கன்னத்தைத் தடவிப் பார்க்கும். எனக்கு அப்போது பதினாறு வயது, அதற்குள் சலித்துப்போயிருந்தேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒன்பது வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். என்னை அப்போது மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் நான் தப்பித்தேன். அவளுக்கு இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தழும்பு. அவள் அதை மறைத்ததில்லை. “ஆத்தாளுக்கு எம்மேல ரொம்பப் பிரியம். போகும்போது மூஞ்சி பூராக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா” என்பாள். பவுடரைத் தொட மாட்டாள். வீட்டுக்கு ஒரு சொந்தக்காரி வந்து பாலேடும் எலுமிச்சையும் தடவச் சொன்னபோது, “அத மோர்ல விட்டாக் குடிக்கவாவது செய்யலாம் சின்னம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு வரன் பேச ஆரம்பித்தபோது மட்டும் பேச்சு குறைந்தது. இருபத்தொன்று ஆகியும் வீட்டில் இருக்கிற மூத்த பெண் என்று ஊர் பேசத் தொடங்கியிருந்த நேரம்.

ஒருநாள் காலை அப்பா அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். திரும்பி வந்ததும் அக்கா நேராக மாடியேறி என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஏண்டி, என் பிளேட்டு ஒங்கிட்டத்தான வரும்?”

“ஆமாக்கா.”

“ஒரு புள்ளி வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். எம்மூஞ்சிய அப்படியே விட்டுரு. பாத்துட்டு வாரவன் வரட்டும். வராதவன் அங்கனயே கெடக்கட்டும்.”

சரியென்று தலையாட்டினேன். சாயங்காலம் பிளேட் வந்தது. துண்டுத்தாளில் அப்பா, ‘பள்ளம் அம்புட்டையும் தூத்துரு ஆத்தா’ என்று எழுதியிருந்தார். அதன் பின்னாலேயே அம்மா வந்து என் தலையைத் தடவி, “நீ மனசு வச்சாத்தான் ஒங்கக்கா வாழ்வா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அக்காவின் மேல் இருந்த பிரியத்தால்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த முகத்தை மேசைமேல் வைத்தபோது, இதையும் என்னால் சரிசெய்து காட்ட முடியும் என்கிற திமிரும் எனக்கு இருந்தது. இன்றைக்கு அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. மூன்று நாள் உட்கார்ந்தேன். பள்ளங்களைப் பென்சிலால் நிரப்பினேன். ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் இருந்த விளிம்பைக் கத்தியால் சுரண்டினேன். தழும்பு இல்லாதிருந்தால் அந்தக் கன்னம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதுக்கு முந்திய அவள் முகம் என் நினைவில் இல்லை. அதனால் மேசையில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, என் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் போட்டேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்று நினைத்தேன்.

படம் கடையிலிருந்து நேராகக் கீரனூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர் வீட்டுக்குப் போயிற்று. அக்கா கண்ணில் அதைக் காட்டவில்லை. பத்தே நாளில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவின் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகள் இரண்டை விரித்துப் போட்டு எதைக் கட்டுவது என்று என்னிடம் கேட்டாள். “மூஞ்சியப் பாத்துட்டும் வாராகன்னா மனுசங்கதான் போலருக்குடி” என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மெரூன் சேலையைக் கட்டிக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். பையனின் அம்மா குள்ளமாக, சிரித்த முகமாக இருந்தார். அக்கா காபித் தட்டோடு வந்தாள். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். பிறகு பையிலிருந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, புள்ள அங்கயே நின்னுட்டு இருக்குதே. வெக்கப்படாம வரச் சொல்லுங்க.”

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. “பொண்ணு இவதாங்க” என்று அக்காவைக் காட்டினார்.

“இல்லீங்க. இந்தப் போட்டாவுல இருக்கறது அந்தப் புள்ளைங்க. பத்து நாளா இதையே பாத்துட்டு இருக்கறனுங்க, எனக்குத் தெரியாதுங்களா?” அவருக்கு உண்மையிலேயே குழப்பம், குத்திக்காட்ட வேண்டும் என்கிற எண்ணமே இல்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடமே படத்தை நீட்டினார். “நீயே பாரு கண்ணு.”

அக்கா அந்தப் படத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். செத்த நேரம் பார்த்தாள். அது படம் எடுத்த அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலை, அவள் போட்டிருந்த தோடு, அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல். “ஆமாங்க, இது எந்தங்கச்சிதான்” என்றாள். படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படிக்குள் வரும்போது என்னை இடிக்காமல் ஒதுங்கி வந்தாள்.

அவர்கள் என்னைக் கேட்டார்கள். மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைத் தர முடியாது என்று அப்பா கைகூப்பி அனுப்பினார். அன்றைக்கு அக்கா என்னைத் திட்டுவாள், தலைமுடியைப் பிடித்து நாலு சாத்து சாத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். வெஞ்சனம் போதுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு, அரசாங்கக் கார்டுகளுக்கு உட்கார்ந்ததைத் தவிர, தன் வாழ்நாளில் அவள் ஒரு கேமராவுக்கும் முகம் கொடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் எல்லாரும் படத்துக்கு வரிசையாக நிற்கும்போது அவள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

அப்பா அந்தப் படத்தைக் கிழித்திருக்கலாம். அவர் தொழில்காரர். அத்தனை சுத்தமான டச்சிங் திண்டுக்கல்லில் யாருக்கும் வராது என்று சொல்லி, பெரிதாக்கி, கடை வாசல் ஷோகேஸில் வைத்துவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிவிட்டாள். தழும்பேறிய என் அக்கா தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தன் வழுவழு முகத்தைக் கடந்துதான் கடைக்குள் போவாள். கடைக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி அதேபோல வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் நான் பிளேட் கொடுக்கப் போயிருந்தேன். அக்காவும் தூக்கோடு வந்திருந்தாள். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினேழு வயதிருக்கும். கறுப்பாக, துடிப்பாக, கண் நிறையச் சிரிப்போடு இருந்தாள். “வெளிய இருக்கே, அந்தக்கா மாதிரி எனக்கும் வருமா?” என்று அப்பாவிடம் கேட்டாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஒம்மூஞ்சிக்கு என்ன கொறச்சல் ஆத்தா? நல்லாத்தான இருக்கு” என்றாள். அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தாய்க்காரி மகளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் போய் பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில்தான் அக்கா என்னைக் கேட்டாள்.

“அந்தப் பிளேட்டக் கழுவ முடியுமாடி?”

“முடியும்க்கா. டர்பன்டைன் போட்டாப் போயிரும்.”

“அப்படின்னா ஒருநாள் கழுவிக் குடு. ஒரு படமாச்சும் எம்மூஞ்சியோட இருக்கட்டும்.”

சரி என்றேன். பென்சிலைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். கத்தியைப் பற்றிச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் அக்கா காந்திகிராமத்துப் பக்கம் தங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற வேலையில் சேர்ந்தாள். அறுபதுகளில் அது லேசான வேலையில்லை. ஊசிக்காரி வருகிறாள் என்றால் பிள்ளைகளை வைக்கோல் படப்புக்குள் ஒளித்துவைப்பார்கள். அய்யலூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு நானும் ஒருமுறை துணைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்ட வீட்டின் முன்னால் நின்று அக்கா பேசிப் பேசி ஒருத்தியை வெளியே வரவைத்தாள். அவளுடைய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். “தடவிப் பாரு. ஒம்மகளுக்கு இது வேணுமா?” அந்தத் தாய் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர் பெண் பிள்ளைகளோடு வந்தார்கள். “பொட்டப்புள்ள, நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்ல” என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். பையன்களைக் காணோம். கேட்டால், “ஆம்பளப் பயலுக்குத் தழும்பு விழுந்தா என்ன தாயி, விடு” என்கிறார்கள். அக்கா தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்த வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். “உசுரு போகும்ங்குறேன், ஒருத்தியும் அசைய மாட்டேங்குறா. மூஞ்சி போகும்னாத்தான் கதவத் தொறக்குறாளுக. அதையே சொல்லிக் குத்திட்டு வாரேன், என்ன செய்யச் சொல்ற?” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். நான் மறுநாள் காலையில் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு நிறம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. அப்பாவுக்குப் பிறகு ஸ்டுடியோவை மூடியபோது ஷோகேஸ் படமும் அந்த பிளேட்டும் என்னிடம் வந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அக்காவும் என்னிடமே வந்துவிட்டாள். பிளேட் இருந்த பீரோவும் அவள் படுத்திருந்த கட்டிலும் ஒரே அறையில்தான் இருந்தன. அவளாக மறுபடி கேட்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது மட்டும், அரைச் சிரிப்போடு, “கழுவிட்டியாடி?” என்றாள். “கழுவுறேன்க்கா” என்றேன். கழுவினால் என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அவள் போன பிறகு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று தேடினார்கள். ரேஷன் கார்டிலும் ஆதார் கார்டிலும் இருந்தது முகமே தெரியாத ஒரு கறை. என் மகள் பரண்மேலிருந்து ஷோகேஸ் படத்தை எடுத்துத் துடைத்து மாட்டினாள். “பெரியம்மா இம்புட்டு அழகா இருந்தாங்களா?” என்று கேட்டாள். வந்தவர்களும் என்ன களை, என்ன களை என்றார்கள். பதினாறாம் நாளுக்கு முன்தினம், அய்யலூர்ப் பக்கத்திலிருந்து அறுபது வயது தாண்டிய ஒருத்தி வந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அக்கா தனக்கு அம்மை குத்தினாள் என்று சொல்லி, முழங்கைக்கு மேலே இருந்த வட்டத் தழும்பைக் காட்டினாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏக்கா, இது நீங்க எளவயசுல எடுத்ததுதான? உசுரோட இருக்கிறவுகளுக்கு எதுக்கு மால போட்டுருக்காக? அம்ம குத்துன அக்கா படம் எங்க?”

அவள் கொண்டுவந்த பூவை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காரியங்கள் முடிந்து சனம் கலைந்த பிறகு பெயின்ட் கடையிலிருந்து டர்பன்டைன் வாங்கிவரச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஞ்சை நனைத்து, அந்த பிளேட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். இப்போது கை நடுங்குகிறது. பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. என் மூன்று நாள் வேலை கால் மணி நேரத்தில் போய்விட்டது. பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இடது கண்ணுக்குக் கீழே வரிசையாக மூன்று, மூக்கு நுனியில் ஒன்று. அதைப் பார்த்ததும் அக்கா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். பிறகு கத்தி பட்ட இடங்கள் தெரிந்தன. ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் பூச்சு போய் வெறும் கண்ணாடியாக இருந்தது. எத்தனை துடைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அக்காவின் முகத்தில் அம்மை போட்டதும் இருக்கிறது, நான் போட்டதும் இருக்கிறது.

மகள் பக்கத்தில் வந்து நின்று பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “இதையே பிரிண்ட் போட்டுச் செவுத்துல மாட்டிரலாம்மா. கம்ப்யூட்டர் கடையில குடுத்தா இந்தக் கீறல், தழும்பு எல்லாத்தையும் எடுத்துட்டுப் பளிச்சுன்னு குடுத்துருவாங்க” என்றாள்.

“ஒரு புள்ளி வைக்கக் கூடாது” என்றேன்.